அப்பாவுக்கு அளவெடுத்த கதை

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏன் என்று பிறகு தெரியும். நீ சுகமாக இருக்கிறாயா, குளிர் கொஞ்சம் விட்டதா, காலையில் வெறும் காப்பியோடு ஓடுகிறாயா இல்லை வாயில் ஏதாவது போட்டுக்கொள்கிறாயா என்றெல்லாம் கேட்க ஆசைதான், கேட்டால் நீ எல்லாவற்றுக்கும் ம் ம் என்பாய், அதனால் கேட்டதாக வைத்துக்கொள். இதென்ன அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. போனில் சொல்லலாம் என்றால் நான் அதைக் கையில் எடுத்தாலே போதும், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அப்பா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார். எழுதி அனுப்பலாம் என்றால் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதையும் படித்துவிடுகிறார். அதனால்தான் கண் ஆஸ்பத்திரியில் என் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, டோக்கன் கூப்பிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் இதை எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போனால், கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட யாரோ வந்து என் மேஜையில் இடித்துவிட்டார் என்று புரிந்துகொள்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, அதற்குப் பதிலாகச் சமையலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. உன் அண்ணன் வீட்டுச் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரி இருக்கிறான், ஆனாலும் ஓயாமல் சிரிக்கிறான். உன் அண்ணன் துணி வாங்கும் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதான். போனைத் தடவி ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைப்பான், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவான், அட்டைப் பெட்டிகளை மட்டும் கொண்டுவந்து என் மாடிப்படிக்கு அடியில் அடுக்குவான். அவனுக்கு எதை மாட்டினாலும் பொருந்தும். ரெடிமேட் கம்பெனியில் வரைகிற நீங்களெல்லாம் அவனை நிற்கவைத்துத்தான் துணி வெட்டுகிறீர்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். எல்லோரும் அவனைப் போல இருந்துவிட்டால் உலகத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் உன் அப்பா அப்படி இல்லையே, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

வயதானவர்களுக்கென்று நீ வரைந்து கொடுத்த உடுப்புகளைக் கம்பெனி எல்லோர் முன்னாலும் காட்டப்போகிறது, நீங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று நீ டிக்கெட் அனுப்பினாய். கூடவே ஒரு பார்சலில் அந்தக் கோட்டையும் அனுப்பினாய், நீயே வரைந்தது, அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாய். பார்சல் வந்த அன்று இந்த மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் போன தண்ணீர்க் கேன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் என்ன ஆயிற்றோ, முழங்கால் வலிக்கிறது என்றார். அவ்வளவு நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாது என்றார், செடிகளுக்கு யார் தண்ணீர் விடுவது என்றார், என் டிக்கெட்டில் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போ என்றார். நீ போனில் எவ்வளவோ கெஞ்சினாய். கடைசியில் என்னிடம் தனியாக, "அப்பாவுக்கு என் வேலை ஒரு பொருட்டே இல்ல போலம்மா, நீ வந்தா போதும்"னு சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் குரல் கம்மிப்போனது எனக்குத் தெரியாதா. அது எனக்குத் தொண்டையில் சிக்கின முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. அதைப் பிடுங்கிப் போடத்தான் எழுதுகிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் ஒழுங்காகப் படி.

போன மாதம் ஒரு நாள் டாக்டர் ஊரில் இல்லாததால் ஆஸ்பத்திரியை மத்தியானமே மூடிவிட்டார்கள், நானும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பார்த்தால் உன் அப்பா பீரோ கண்ணாடி முன்னால் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். முகம் துடைக்கிற சின்னத் துண்டை மடித்து, இடது தோளில் கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார். செருகி, கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், துண்டு நழுவி முதுகுப்பக்கம் போய்விடும். மறுபடி செருகுவார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்குத் தெரியும், வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்டக்டர் பை அந்த இடது தோளில்தான் தொங்கியது. சில்லறையும் டிக்கெட் கட்டும் சேர்ந்து அந்தத் தோளை ஒரு விரல் அளவுக்கு இறக்கிவிட்டன. சட்டையில் அது அவ்வளவாகத் தெரியாது. கோட்டு என்பது வேறு சாமான், அது நேர்த்தோளுக்கென்று நிமிர்ந்து நிற்கிறது, தோள் அங்கே இல்லை என்றால் குழி விழுந்து, காலர் கழுத்தைவிட்டு விலகி, இடது கை விரல் நுனிவரை கோட்டின் கைக்குள் முழுகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டவர் மாதிரி நின்றார் உன் அப்பா.

என்னைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார், அதை என்னமோ தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மாட்டினார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், குத்தலாகத்தான் கேட்டேன். பீரோ கதவைச் சாத்தினார். அப்புறம் சொன்னார், "நான் அங்க போய் நின்னா நாலு பேரு கோட்டத்தான் பாப்பாங்க. கோணலா இருக்கும். கோணல் எந்தோளுன்னு அவங்களுக்குத் தெரியுமா, அவ வரைஞ்சது கோணல்னுதான் நினைப்பாங்க. அவ நல்லா இருக்கிற நாள்ல நானே போய் அவ வேலையக் கெடுக்கணுமா." இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். நானும் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது தெரிந்ததா, உன் வேலை அவருக்கு எப்படிப்பட்ட பொருட்டு என்று. எனக்கு அந்த நிமிஷம் உன் மேலும் கோபம் வந்தது, அவர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டே இப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்களே என்று.

மறுநாளே அவரைத் தையல்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவி செய்கிறவர் கடை இருக்கிறதே, அதற்கு மேல்மாடி. ஏணி மாதிரிப் படி. நாங்கள் போனபோது படியிலேயே வரிசை நின்றது, கல்யாணத்துக்குத் தைக்க வந்த ஜோடி ஒன்று, ஒரு பாங்கு காவலாளி, எந்தக் கடையிலும் தன் உயரத்துக்குக் கால்சட்டை கிடைக்காத ஒரு நெட்டைப் பையன், அவன் அம்மா. தையல்காரம்மா நல்ல பருமன், மூக்குக் கண்ணாடி தலைமேல், டேப் கழுத்தில், குண்டூசி வாயில். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே நிறுத்தாமல் பேசுவார், ஒரு ஊசிகூடக் கீழே விழாது. எங்களைப் பார்த்ததும், "பத்து நாளைக்கு வேலை கையில கிடக்கு, அதுக்கு மேல ஆகும்னா பரவாயில்லையா"ன்னு கேட்டார். இவருக்கு அளவெடுத்துப் புதிதாக ஒரு கோட்டு தைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அப்பா கடை ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி. உன் கோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மா அதை வாங்கி உள்பக்கம் வெளியே திருப்பி, காலரைத் தடவிப் பார்த்து, கை சேருகிற இடத்தைப் பிதுக்கிப் பார்த்து, மறுபடி காலருக்கே வந்தார். எனக்கு உன் பள்ளிக்கூட ரிசல்ட்டுக்கு நின்ற மாதிரி இருந்தது. கடைசியில், "காலர் வரைஞ்ச கை நல்ல கை, யாருது"ன்னு கேட்டார். அதுவரை வாயே திறக்காத மனிதர் ஜன்னலிலிருந்து திரும்பி, "எம்பொண்ணு"ன்னார். அந்தம்மா சொன்னது உனக்கு அப்படியே எழுதுகிறேன். "ஆயிரம் பேருக்கு ஆகுற மாதிரி வரையறது எனக்கு வராது, பயமா இருக்கும். எனக்கு எதிர்ல ஒரு ஆளு நிக்கணும், அப்பதான் கத்தரிக்கோலு ஓடும்."

அப்புறம் அளவெடுக்க நிற்கவைத்தார். இங்கேதான் உன் அப்பா தன் வேலையைக் காட்டினார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அப்போது என் கண்ணுக்கே தெரியவில்லை, பிறகுதான் புரிந்தது. டேப் மேலே பட்டதும் மனிதர் அணிவகுப்பில் நிற்கிறவர் மாதிரி விறைத்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். இடது தோளை மெல்ல மெல்லத் தூக்கி வலது தோளுக்குச் சமமாகக் கொண்டுவந்து அப்படியே பிடித்துக்கொண்டார். மூச்சுகூட விடவில்லை. அந்தம்மா அளவைச் சொல்லிக்கொண்டே ஏதோ ஒரு துணி ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டார். படி இறங்கும்போதுதான் அப்பா மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். முழங்காலா என்று கேட்டேன், ஆமாம் என்றார்.

ரெடிமேட் நல்லது என்று நீயும் நானும் போனில் எத்தனை தடவை பேசியிருப்போம். நான் உன் தொழிலைக் குறை சொல்லவில்லை, அதுதான் உனக்குச் சோறு போடுகிறது, எனக்கும் மழைக்கோட்டு வேண்டுமென்றால் ரெடிமேட் கடைக்குத்தான் போவேன், நனைந்துகொண்டே அளவு கொடுக்க முடியுமா. தைக்கக் கொடுப்பதில் இருக்கிற இம்சைகளும் எனக்குத் தெரியும். இந்தம்மாவும் நாளைக்கு வாங்க என்று சொன்னால் அது எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. கேட்டால் பித்தான் மட்டும்தான் பாக்கி என்பார், போய்ப் பார்த்தால் துணியே வெட்டியிருக்கமாட்டார். இருந்தும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று பட்டது. கடையில் தொங்குகிற சட்டை முன்னாடியே முடிவாகிவிட்ட விஷயம், நாம்தான் அதற்குள் போய் அடங்கிக்கொள்ள வேண்டும், அடங்கவில்லை என்றால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கிறது, சட்டைக்கு வெட்கமில்லை. இங்கே அந்தம்மா உன் அப்பாவிடம் எத்தனை கேள்வி கேட்டார் தெரியுமா. கண்ணாடிக் கூட்டை எந்தப் பையில் வைப்பீர்கள், சீப்பு வைத்துக்கொள்வீர்களா, உட்கார்ந்தால் பித்தானைக் கழற்றுவீர்களா, கையை ஆட்டிப் பேசுவீர்களா, எந்தக் கையை. அப்பா முதலில் எல்லாவற்றுக்கும் எப்படியும் இருக்கட்டும் என்றார். பிறகு யோசிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வலது உள்பை வேண்டும் என்றார், அது ஆழமாக இருக்க வேண்டும், குனிந்தால் விழக் கூடாது என்றார். சீப்புக்குத் தனியாக ஒரு சின்னப் பை கிடைக்குமா என்று கேட்டார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் எங்கே இறங்கணும், எங்கே இறங்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதர், அவரிடம் யாரும் உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை, தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார். அந்தச் சீப்புப் பையைப் பற்றி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

பத்து நாள் என்று சொல்லி எத்தனையோ நாள் கழித்து ட்ரையலுக்குக் கூப்பிட்டார். நீ அறியாததா, பெரிய பெரிய தையலாக நூலோட்டி, ஒரு கைதான் வைத்து, உள்ளே விறைப்புக்கு வைத்த கேன்வாஸ் தெரியத் தெரிய ஒரு அரைகுறைக் கோட்டு. அப்பா போட்டுக்கொண்டார். மூன்று பக்கமும் கண்ணாடி. பித்தான் வருகிற இடமும் துளை வருகிற இடமும் ஒன்றை ஒன்று பார்த்தன, கிட்டே வரவில்லை. இடது தோளில் பழையபடி அதே குழி. அந்தம்மா இரண்டடி பின்னால் போனார், தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், வாயிலிருந்த ஊசியையெல்லாம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "நான் அளந்த ஆளு எங்க? அவரு வரலையா? தம்பிய அனுப்பிட்டாரா?" பாங்கு காவலாளி தன் கால்சட்டையை வாங்க வந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணும். ஆனால் அந்தம்மா விடவில்லை. மறுபடி டேப்பை எடுத்தார், அப்பா மறுபடி தோளைத் தூக்கினார். இப்போது நான் பார்த்துவிட்டேன், அந்தம்மாவும் பார்த்துவிட்டார். தோளைப் பார்த்தே கண்டக்டர் என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நீங்க எந்தப் பஸ்ல ஓடுனீங்கண்ணே, ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமே அதுவா"ன்னு கேட்டார்.

அதற்குமேல் கேட்கணுமா. உனக்கு உன் அப்பாவைத் தெரியும். ஆஸ்பத்திரி வழி இல்லை, பழைய பாலத்து வழி என்று ஆரம்பித்தார். மார்க்கெட் நிறுத்தத்தில் எப்படிக் கூட்டம் ஏறும், கோழிக்கூடையோடு ஏறுகிறவர்களை எப்படிப் பின்னால் தள்ளுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்கினால் என்ன செய்வார், எல்லாம் சொன்னார். சொன்னதோடு நின்றாரா, நடித்தும் காட்டினார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஆறு பேரு படுத்துத் தூங்கலாம், அவ்வளவு எடம் கிடக்கு"ன்னு அந்த மாடியே அதிரக் கத்தினார், அன்றைக்கும் மகனோடு வந்திருந்த நெட்டைப் பையனின் அம்மா பயந்து நகர்ந்து உட்கார்ந்தார். அப்படியே இடது தோள் தன் இடத்துக்கு இறங்கியது, பை இல்லாமலே பையின் எடைக்கு இறங்கியது, வயிறும் நிம்மதியாக வெளியே வந்தது. அந்தம்மா பின்னாலிருந்து சத்தம் போடாமல் அளந்துகொண்டே போனார், அங்கங்கே சாக்குக்கட்டியால் கோடு இழுத்தார், ஊசி குத்தினார். கடைசி நிறுத்தம் வந்து அப்பா நிமிர்ந்தார். நிமிர்ந்த இடத்தில் எதிரே கண்ணாடி. ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற தன்னையே பார்த்துவிட்டார். நடித்துக்கொண்டிருந்த கை கீழே இறங்கிவிட்டது. எனக்கு எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, அத்தனை பேர் நடுவில் எப்படிப் பிடிப்பது என்று உட்கார்ந்திருந்துவிட்டேன்.

தையல்காரம்மா அந்தத் தோளைத் தட்டிவிட்டார், மேஜை தூசு தட்டுகிற மாதிரி சாதாரணமாகத்தான் தட்டினார். "ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருக்கிற ஆளு இதுவரைக்கும் எங்கடைக்கு வந்ததில்லண்ணே. அன்னிக்கு வந்த கல்யாணப் பொண்ணுக்கு ஒரு இடுப்பு மேல, இந்தத் தம்பிக்கு ஒரு காலு நீளம், எனக்கு வலது கை தடி, கத்தரிக்கோலு புடிச்சுப் புடிச்சு. எல்லாரும் ஏதாச்சும் ஒரு பக்கம் சாஞ்சுதான் வராங்க. சொல்லுங்க, ரெண்டு வழி இருக்கு. உள்ள பஞ்சு வச்சு அந்தத் தோளை மேடாக்கிடலாம், பாக்க நேரா இருக்கும், ஆனா நாள் பூரா யாரோ உங்க தோளைப் புடிச்சுத் தூக்குற மாதிரி இருக்கும். இல்ல, துணியவே அந்தப் பக்கம் எறக்கி வெட்டுறேன். கோட்டு உங்க மேல சும்மா கிடக்கும், பாக்கிறவங்க கண்ணு மூஞ்சிக்குப் போயிரும்." அப்பா ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் சில சமயம் பேசாமல் இருக்கத் தெரியும். "எறக்கியே வெட்டுங்க"ன்னார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை.

நீ இதைப் படிக்கும்போது என்ன நினைப்பாய் என்று தெரியும். உன் கோட்டு சரியில்லை என்று அம்மா ஊர்த் தையல்காரியிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மூக்கு விடைக்கும். விடைக்காதே. உன் கோட்டு நல்ல கோட்டு. அது உன் அண்ணன் மேல் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அவன் அதைத் திருப்பித் தரும் எண்ணத்தில் இல்லை, மூன்று அளவில் வரவழைக்காமலே ஒன்று பொருந்திவிட்டதாம். உனக்கு ஒரே ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன், அம்மா யோசனை, வேண்டாமென்றால் விட்டுவிடு. வயதானவர்களுக்கு வரையும்போது அந்தப் பொம்மை உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரையாதே. எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு நாள் வந்து உட்கார், டோக்கன் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் எப்படி எழுந்து வருகிறார்கள் என்று பார். தையல்காரர் ஒருவர், ஆசிரியை ஒருவர், மூட்டை தூக்கினவர் ஒருவர், ஒருவர் எழுந்திருக்கிற மாதிரி இன்னொருவர் எழுந்திருப்பதில்லை. அப்புறம் அந்த ஊரில் நாள் முழுக்க நின்றுகொண்டே வரையாதே, ஒரு நல்ல நாற்காலி வாங்கு. கண்ணையும் காட்டு, போன தடவை வீடியோவில் பேசும்போது நீ புருவத்தைச் சுருக்கிக்கொண்டே பேசினாய்.

போன சனிக்கிழமை கோட்டை வாங்கப் போனோம். பித்தான் மட்டும்தான் பாக்கி என்று அந்தம்மா சொன்னார், நம்பமாட்டாய், நிஜமாகவே பித்தான் மட்டும்தான் பாக்கி. சாம்பல் நிறம், பக்கத்தில் போனால் மட்டும் ஒரு நீலக் கோடு தெரியும். அப்பா போட்டுக்கொண்டார். நான் என்ன சொல்ல, குழி இல்லை, காலர் கழுத்தோடு சேர்ந்து இருந்தது, இரண்டு கையும் மணிக்கட்டு தெரிய ஒரே மாதிரி இறங்கியிருந்தன. அந்தம்மா சொன்னது சரி, என் கண் கோட்டில் நிற்கவே இல்லை, நேரே முகத்துக்குப் போய்விட்டது. கல்யாணமான புதிதில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்து வருவாரே, அந்த முகம். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன், உன் அண்ணனுக்குச் சொல்லாதே. அப்பா கையைத் தூக்கிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், சீப்பை வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார், அதற்குள் ஒரு சின்னத் துணித் துண்டு.

உன் லேபிள்தான். உன் கையெழுத்தையே நெய்து வைத்திருக்கிறாயே, அது. உன் அண்ணனிடம் கோட்டைக் கொடுப்பதற்கு முன்னால், நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்திருக்கிறார், ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. எனக்கே தெரியாது. தையல்காரம்மாவிடம் நீட்டி, "இத உள்ள வச்சுத் தச்சுக் குடுங்கம்மா"ன்னார். அந்தம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தான் தைத்த எல்லாவற்றிலும் தன் சிவப்பு லேபிளை வைக்கிற ஆள் அவர். "நான் தச்ச கோட்டுக்கு அடுத்த கம்பெனி லேபிளா, என்னண்ணே பேசுறீங்க, கடைய மூடிட்டுப் போகச் சொல்றீங்களா"ன்னு கேட்டார். அப்பா கோட்டின் இடது பக்கத்தைத் திறந்து நெஞ்சுக்கு நேராக விரலை வைத்துக் காட்டினார். "கோட்டு உங்களுதுதாம்மா. உங்க பேரும் இருக்கட்டும். இந்த எடத்துல எம்பொண்ணு கையெழுத்து இருக்கணும், அத வச்சுக்கிட்டுத்தான் நான் அவ முன்னாடி போய் நிப்பேன்"னார். அந்தம்மா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் ஊசி இல்லை, இருந்தும் ஒன்றும் பேசவில்லை. மெஷினில் அடிக்காமல் கையாலேயே தைத்துக் கொடுத்தார், தன் லேபிளை அதற்குக் கீழே இறக்கி வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, பெரிய பெட்டியின் சாவி எங்கே என்பது.

ஆக, அப்பா வருகிறார். டிக்கெட்டை நான் மாற்றவே இல்லை, மாற்றிவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன், இப்போது மறுபடி மாற்றிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். செடிகளுக்கு உன் அண்ணன் தண்ணீர் விடுவான், அதற்குக் கூலியாகத்தான் உன் கோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா இரண்டு நாளாகக் காலையில் அரைமணி நேரம் நடக்கிறார், அங்கே உன் கம்பெனி பெரிதாக இருக்குமாம், எல்லா மாடியும் ஏறிப் பார்க்கணுமாம். முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், வரைகிற கை நோகாமல் இருக்க வேண்டும், உன் பேர் இன்னும் எத்தனையோ பேர் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறென்ன நான் கேட்கப்போகிறேன். வேளைக்குச் சாப்பிடு, கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கு, நாங்கள் வருகிறோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்யாதே, வந்து நான் செய்துகொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததும் உன் கண் கோட்டுக்குத்தான் போகும், தொழில் புத்தியை நான் தடுக்க முடியாது. தூரத்திலேயே, இது நீ வரைந்தது இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். அவர் பக்கத்தில் வந்து இடது பக்கத்தைத் திறந்து உன் கையெழுத்தைக் காட்டி, நீ அனுப்பினதுதான், கச்சிதமா இருக்கு பாரு என்பார். இங்கே கண்ணாடி முன்னால் அதைச் சொல்லிப் பார்ப்பது எனக்கு அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. நீ ஆமாம்பா என்று மட்டும் சொல்லு.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா